மஞ்சள் முடிச்சும் செம்பு உறையும்

நேற்று உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. கிள்ளானில் உன் வீட்டில் கை நனைத்துவிட்டு செந்தூலுக்கு வந்து சேர்ந்தேன். இன்று காலை ஆம்பிளிஃபயரைப் போட்டால், ஸ்பீக்கருக்குள் பழைய வண்டு திரும்பி வந்து உட்கார்ந்திருக்கிறது.

இசைத்தட்டை இன்னும் வைக்கக்கூட இல்லை. உர்ர்ர் என்று அதே சத்தம். பதினான்கு வருஷமாக என் வீட்டில் கேட்காத சத்தம். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இவள் போன கையோடு இதுவும் கிளம்பிவிட்டதா என்று அலமாரியை இழுத்துப் போட்டேன். சாமி மாடத்திலிருந்து சுவரோரமாக இறங்கும் உன் வயரைக் கையில் பிடித்தேன். நம் பேக்டரி மேல்சட்டையைக் கிழித்து நீ தைத்த நீலத் துணி உறை வெளுத்திருக்கிறதே தவிர நூல் பிரியவில்லை. பிளக்குக்குப் பக்கத்தில் வயரை அசைத்தால் சத்தம் கூடுகிறது, அழுத்திப் பிடித்தால் அடங்குகிறது. உள்ளே எங்கோ நீ ஈயம் உருக்கி ஒட்டிய இடம் விட்டுப்போயிருக்கிறது.

பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். கழற்றினால் விளக்கு அணையும். அம்மா மாடத்துக்கு முன்னால் நின்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வயரைக் கீழே வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். முதலில் உன்னிடம் பேச வேண்டும்போல் இருந்தது.

நாம் சிநேகிதமானதே சண்டையில்தான். சுங்கைவே தொழிற்சாலையில் நமக்கு ரேடியோ கேசட் செட்டுகள் செய்கிற வேலை. கடைசி மேசையில் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் ஒவ்வொரு செட்டாகக் கேட்பேன். இரைச்சல் இருந்தால் சிவப்புத் தாளை ஒட்டித் திருப்பி அனுப்புவேன். அது போய் விழுவது உன் ரிப்பேர் மேசையில். ஒரே செட்டை மூன்றாவது தடவை நான் திருப்பியபோது, அதைக் கையில் தூக்கிக்கொண்டு நேராக என்னிடமே வந்துவிட்டாய்.

"எங்க சத்தம்? காட்டு பாப்போம்."

"உனக்குக் கேக்கலன்னா நான் என்ன செய்ய முடியும்?"

"ஒனக்குக் காதா, பாம்புக் காதா?"

"ஒழுங்கா ஈயம் வச்சிருந்தா பாம்பு ஏன் சீறப்போவுது?"

நீ செட்டைத் திறந்தாய். ஒரு வயரை விரலால் இழுத்தாய். கையோடு வந்துவிட்டது. ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போனாய். மாலையில் பேக்டரி பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இழுத்துப் பாக்காம விட்டது என் தப்புதான். ரெண்டு தடவ இழுக்கணும். வந்துச்சுன்னா ஒட்டலன்னு அர்த்தம்" என்றாய். அன்றிலிருந்து உன் கையால் ஒட்டிய எதையும் இரண்டு தடவை இழுக்காமல் நீ விட்டு நான் பார்த்ததில்லை.

அந்தத் தீபாவளிக்கு பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தாய். அப்பாவின் கட்டில் கூடத்தில், சாமி மாடத்துக்கு எதிரே கிடந்தது. மாடத்து பல்பு அவர் கண்ணைக் குத்தும். சாமிக்கு மங்கலான பல்பு போட அம்மாவுக்கு மனசில்லை. அடுத்த வாரமே ஒரு சின்னப் பெட்டி செய்து கொண்டுவந்தாய். குமிழைத் திருப்பினால் வெளிச்சம் குறையும், கூடும். அம்மாவுக்கு உன்னைப் பிடித்துப்போனது அந்தப் பெட்டியால்தான். "இந்தப் பிள்ள கையில சரஸ்வதி இருக்கா" என்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொல்லிவிட்டார்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் முப்பது வருஷம் இரும்பை அடித்தவர். அந்த அடியெல்லாம் காதில் வந்து சேர்ந்துவிட்டது. தை மாதம் ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனோம். நரம்பு போய்விட்டது, சரிசெய்ய முடியாது என்றார் டாக்டர். மெல்லிசான சத்தங்கள் ஏற்கனவே போய்விட்டன, தடித்த சத்தங்கள் மட்டும் கொஞ்ச காலம் கேட்கும், எத்தனை காலம் என்று சொல்ல முடியாது என்றார். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரு காசை மஞ்சள் துணியில் முடிந்தார். அந்த முடிச்சைக் கொண்டுபோய் உன் பெட்டியின் குமிழிலேயே இறுக்கிக் கட்டினார்.

"அவர் காது சரியாவுற வரைக்கும் இந்த வெளக்கு அணையக் கூடாது. இந்த முடிச்சும் அவுரக் கூடாது. யாரும் கை வைக்காதீங்க" என்றார்.

அப்பா ஓய்வு பெற்றதும் அவருக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. ஒரு நல்ல ஸ்டீரியோ செட், அதில் நாதஸ்வர இசைத்தட்டு. "கேக்குற வரைக்கும் கேட்டுக்கிறேனே" என்றார். மாடம் இருந்த சுவரில்தான் பிளக் பாயிண்ட் இருந்தது, அதனால் செட்டை அதன் கீழேயே வைத்தோம். சத்தத்தை முழுதாகக் கூட்டி ஊசியை வைத்தேன். அப்பா கொஞ்ச நேரம் குனிந்து கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "பாட்டு எங்கம்மா? வண்டுதான் கேக்குது" என்றார்.

எனக்கு அந்த இரைச்சலைத் தாண்டிப் பாட்டு கேட்டது. அவருக்கு மிச்சமிருந்ததே தடித்த சத்தங்களைக் கேட்கும் காது. அந்த இடத்தை முழுக்க வண்டு பிடித்துக்கொண்டது. உன்னிடம் பஸ்ஸில் சொல்லி அழுதேன். "ஞாயித்துக்கிழம வரேன். அங்கிளோட வண்ட வெரட்டாம விடமாட்டேன்" என்றாய்.

எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்! கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து, கைப்பையில் ஈயத்தை உருக்கும் ஈயக்கோலோடு வந்து இறங்குவாய். பிரிட்ஜை அணைத்துப் பார்த்தோம். மின்விசிறி, டியூப் லைட், டிவி எல்லாவற்றையும் அணைத்தோம். பக்கத்து வீட்டு அக்காவிடம் போய், "அக்கா, ஒரு நிமிஷம் அயர்ன் போடாதீங்க" என்று கெஞ்சினோம். வண்டு அசையவில்லை. எல்லாவற்றையும் அணைத்தோம் என்று சத்தியம் செய்திருப்போம். சாமி விளக்கு நம் நினைப்பிலேயே வரவில்லை. அம்மா கை வைக்கக் கூடாது என்று சொன்னது இருக்கட்டும், அதுவும் ஒரு கரண்டு சாமான் என்று நம் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை. பேக்டரியில் வருஷக்கணக்காக இரைச்சல் பிடித்த நாம் செய்த லட்சணம் அது.

பிறகு நீ வயர்களைப் பிடித்துக்கொண்டாய். பாசார் ரோட்டில் பழைய பாகங்கள் விற்கும் கடைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போய், பின்னல் செம்பு கேட்டாய். கரண்டு வயருக்கு மேலே சுற்றப் போகிறேன் என்று சொன்னதும் சீனக் கடைக்காரர், "தங்காச்சி, கிலா கா?" என்று தலையில் விரலைச் சுழற்றிக் காட்டினார். நீ சிரித்துக்கொண்டே வாங்கினாய். வரும் வழியில் எனக்கு விளக்கினாய்.

"கரண்டு வயரு சும்மா போவாது. போற வழியெல்லாம் எறைச்சிக்கிட்டே போவும். பக்கத்துல ரெக்கார்டு வயரு இருந்தா, அது எல்லாத்தையும் பொறுக்கிக்கும். மேல செம்ப சுத்தி, செம்ப எர்த்துல கட்டிட்டா, எறைக்கிறது மண்ணுக்குப் போயிரும். அவ்ளோதான் லா."

அவ்வளவுதானாக இல்லை. ஆம்பிளிஃபயரின் வயருக்குச் செம்பு உறை போட்டு, உறையின் இரண்டு முனையையும் எர்த்தில் கட்டினாய். போட்டதும் வண்டு யானையாகிவிட்டது. அப்பா நாற்காலியை விட்டு எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் முதுகைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். "போதும், விடு. எங்கப்பாவ வச்சி நீ வேல கத்துக்கிறியா?" என்றேன். நீ ஈயக்கோலைத் துணியில் சுற்றினாய். அம்மா போட்டு வைத்த தேநீரைக் குடிக்காமல் போனாய். அதற்குப் பிறகு இரண்டு வாரம் பஸ்ஸில் நாம் வேறு வேறு சீட்டில் உட்கார்ந்து போனோம். நான் மன்னிப்பு கேட்கவில்லை. அதை இப்போது கேட்கிறேன், தாமதமாக.

நீயாகத்தான் வந்தாய். ஒரு வெள்ளிக்கிழமை, வேலை முடிந்து நேராக. என்னைப் பார்க்காமல் செட்டைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு மொனையும் கட்டுனா செம்பே ஒரு வளையமா ஆயிருது, அதான் கத்துச்சு. ஒரு மொன போதும்" என்று சொல்லி ஒரு முனையை வெட்டினாய். யானை போய்ப் பழைய வண்டு வந்தது. அதற்கு மேல் என்ன செய்வது என்று உனக்கும் தெரியவில்லை. அம்மா விளக்கு வைக்கும் நேரம். பூவோடு மாடத்துக்குப் போனார். டப் என்று ஒரு சத்தம். சாமி பல்பு அவிந்துவிட்டது.

"ஐயோ, முருகா!" என்று அம்மா அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்.

நீ கையைத் தூக்கினாய். "ஷ்ஷ்... கேக்குதா?"

எனக்குக் கேட்கவில்லை. பாம்புக் காதுக்கே கேட்கவில்லை. வண்டு இல்லை. நீ கைதட்டிச் சிரித்துவிட்டாய். "நின்னுருச்சு! ஆன்டி, நின்னுருச்சு!"

"வெளக்கு அணைஞ்சி கெடக்கு, நீ சிரிக்கிறியா?" என்றார் அம்மா. உன்னிடம் அவர் குரல் உயர்ந்தது அந்த ஒரு தடவைதான்.

நீ அவசரமாக வேறு பல்பைப் போட்டாய். விளக்கு வந்தது, வண்டும் வந்தது. அப்போதுதான் உன் கண் பல்பிலிருந்து வயருக்கும், வயரிலிருந்து பெட்டிக்கும் இறங்கியது. முகம் சுருங்கிப்போய், "ஆன்டி... இது நான் செஞ்ச பெட்டிதான்" என்றாய். வெளிச்சத்தைக் குறைப்பதற்காக அந்தப் பெட்டி கரண்டை நறுக்கி நறுக்கி விடுகிறது, நறுக்குகிற சத்தம் வயர் வழியாக வெளியே சிந்துகிறது என்றாய். "அஞ்சு நிமிஷம் குடுங்க, எடுத்துர்றேன்."

அம்மா மாடத்துக்கு முன்னால் வந்து நின்றார். "முடிச்சு இருக்கு. அவுக்க விடமாட்டேன்."

நான் கத்தினேன். "உங்க வேண்டுதல்தாம்மா அப்பாவ கேக்க விடாம பண்ணுது!"

அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டார். இதற்குச் சிவப்புத் தாள் ஒட்டுவதென்றால் என் நெற்றியில்தான் ஒட்ட வேண்டும். நீ என்னைப் பார்த்து, "வாய மூடு" என்றாய். அம்மாவுக்குப் பக்கத்தில் போய்க் காலை மடக்கி உட்கார்ந்தாய். "ஆன்டி, முடிச்சு இருக்கட்டும். பெட்டியும் இருக்கட்டும். நீங்க எதையும் விட வேணாம். நான் சுத்திக் கட்டிக்கிறேன்" என்றாய்.

ஒரு மனுஷியின் நம்பிக்கையைக் கழற்றாமல் அதன் மேல் வேலை செய்ய முடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது. எனக்குத் தெரிந்தது இரண்டே இரண்டு: சரி, சரியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா முதலில் குத்துவிளக்கை ஏற்றினார். "சாமிக்கு வெளிச்சம் இருக்கு. இப்ப நீ கழட்டு" என்றார். நீ பிளக்கைப் பிடுங்கினாய். சாமி வயர் முழுவதும் ஈயத்தாள் சுற்றி, அதன் மேல் செம்புப் பின்னலை ஏற்றினாய். பெட்டியை ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினாய். குமிழும் முடிச்சும் வெளியே தெரிய டின்னில் ஒரு வட்டம் வெட்டி, மஞ்சள் துணி கிழியக் கூடாது என்று அதன் ஓரத்தை அரைமணி நேரம் அரத்தால் ராவினாய். செம்பைப் பார்த்தால் அம்மாவுக்குப் பயமாக இருக்கும் என்று நீலத் துணியில் உறை தைத்துப் போட்டாய். டின்னும் பின்னலும் ஒன்றாகச் சேர்ந்து, எர்த்தில் சேர்வது ஒரே இடத்தில், பிளக்குக்குள். ஈயம் வைத்தாய். இரண்டு தடவை இழுத்தாய். வரவில்லை.

பிளக்கைச் செருகியதும் பல்பு எரிந்தது. ஆம்பிளிஃபயரைப் போட்டேன். அப்பா கையை ஸ்பீக்கர் மேல் வைத்துக்கொண்டு தலையைச் சாய்த்தார். நாம் மூன்று பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒண்ணும் கேக்கலியே" என்றார் அப்பா.

அம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "ஐயையோ, சுத்தமா போயிருச்சா!"

நீ சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஆன்டி, பாட்டு இன்னும் போடவே இல்ல!"

ஊசியை நீதான் வைத்தாய். நாதஸ்வரம் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அது மெல்லிசு, அவருக்குப் போய்விட்டது என்று நினைத்து நான் தலையைக் குனிந்தேன். தவில் இறங்கியது. அப்பாவின் விரல் நாற்காலிக் கையில் ஒரு தட்டு தட்டியது. பிறகு இன்னொன்று. பிறகு விடவே இல்லை.

"நாதஸ்வரக்காரரு எங்கயோ தூரத்துல நிக்கிறாரு" என்றார். "தவில்காரரு பக்கத்துல வந்து உக்காந்துட்டாரும்மா. திரும்பப் போடு."

நாம் கேட்டது முழுக் கச்சேரி. கிடைத்தது பாதி. அந்தப் பாதியை அப்பா இன்னும் மூன்று வருஷம் விடாமல் கேட்டார். அதற்குப் பிறகு காது முழுதாக அடைத்தது. அப்போதும் ஸ்பீக்கரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு உட்காருவார். அவர் போன பிறகு முடிச்சை என்ன செய்வது என்று ஊரெல்லாம் அம்மாவிடம் கேட்டார்கள். "காது சரியாகலியே. அப்ப நான் எப்படி அவுக்கிறது?" என்று அம்மா திருப்பிக் கேட்டார். குவார்ட்டர்ஸை இடித்து நாங்கள் செந்தூல் அடுக்குமாடிக்கு வந்தபோதும், அம்மா ஒரு கையில் குத்துவிளக்கோடும் மறு கையில் உன் டின்னோடும்தான் படியேறினார்.

உனக்கும் அந்த வேலை ஒட்டிக்கொண்டது. கிள்ளானில் பாட்டுப் பைத்தியங்கள் யார் வீட்டில் இரைச்சல் வந்தாலும் உன் செம்பு உறை வயர்தான். இப்போது கடைகளில் அதே மாதிரி வயரைத் தடித்தடியாக அட்டைப் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். "பொட்டியில போட்டா நம்புறானுங்க, நான் சொன்னா கிலாவாம்" என்று கேலி செய்வாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்த்தபோது மார்பு நோய் உன்னைப் பாதியாக்கியிருந்தது. நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"வண்டு வருதா?" என்று கேட்டாய்.

"இல்ல."

"வரும். அந்த ஈயம் ரொம்ப நாளு தாங்காது. வந்துச்சுன்னா பிளக்குக்குள்ள பாரு. எவனையும் கூப்பிடாத. நீயே ஒட்டு."

"எனக்கு ரிஜெக்ட் பண்ணத்தான் தெரியும்."

"அப்ப நீயே ஒட்டி நீயே ரிஜெக்ட் பண்ணு" என்றாய். தலையணைக்கு அடியிலிருந்து எதையோ எடுப்பதுபோல் கையை நீட்டி, என் கையில் இருந்த ஆரஞ்சுச் சுளையைப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டாய். நேற்று உன் மகள் ஒரு துணிச் சுருளை என்னிடம் கொடுத்தாள். "அம்மா குடுக்கச் சொன்னாங்க" என்றாள். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். உன் ஈயக்கோல்.

இந்த இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோனேன். இப்போது திரும்பி வந்து எழுதுகிறேன்.

நான் ஈயக்கோலைச் சூடாக்கியபோதே அம்மா குத்துவிளக்கை ஏற்றினார். பிளக்கைப் பிடுங்கித் திறந்தேன். நீ சொன்னது சரிதான், எர்த்துக்குப் போகும் பின்னல் முனை பச்சை பூத்து அறுந்து கிடந்தது. பச்சை போகும்வரை கத்தியால் சுரண்டினேன். முதல் தடவை ஈயம் உருண்டையாக நின்றது. பார்த்தவுடனே ரிஜெக்ட். இரண்டாவது தடவை பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இழுத்தேன், வந்துவிட்டது. விரலைச் சுட்டுக்கொண்டேன். அம்மா, "வெளிய குடுத்துருவோமா?" என்றார். "இல்ல" என்றேன். மூன்றாவது தடவை பின்னலை நன்றாகச் சூடேற்றி, ஈயம் தானாக உள்ளே ஊறும்வரை காத்திருந்தேன். ஆறவிட்டு ஒரு தடவை இழுத்தேன். இன்னொரு தடவை இழுத்தேன்.

வரவில்லை.

பிளக்கை மூடிச் செருகினேன். மஞ்சள் முடிச்சுக்கு மேலே பல்பு எரிந்தது. ஆம்பிளிஃபயரைப் போட்டுச் சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். தட்டு வைக்கவில்லை. அப்பா செய்வதுபோல் கையை ஸ்பீக்கர் மேல் வைத்து, காதை அதன் மேலேயே சாய்த்துக் கேட்டேன்.

"என்னடி, கேக்குதா?" என்றார் அம்மா.

"ஒண்ணும் கேக்கலம்மா."

சொல்லி முடிப்பதற்குள், உனக்காக நான் இத்தனை நாள் அழாத அழுகை எல்லாம் வந்துவிட்டது.